கான்ட்டூ கூடைப்பந்துக் கிளப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கூடைப்பந்து என்றதும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒலிம்பியாகோஸ், மக்காபி டெல் அவிவ் என்று பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். சாம்பியன்கள் பட்டியலை வருடவாரியாகப் படித்துக்கொண்டே வந்தால், 1982, 1983 என்ற இரண்டு வருடங்களுக்கு நேரே கான்ட்டூ என்று ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது எந்த ஊர்?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. எனக்கு மிகவும் பிடித்த கிளப், அதனால் சில இடங்களில் பதில் நீளும்.

கான்ட்டூ எங்கே இருக்கிறது?

வட இத்தாலியில், லொம்பார்டி மாநிலத்தின் கோமோ மாவட்டத்தில். மிலான் நகரத்திலிருந்து வடக்கே போனால் பிரியான்சா என்ற பகுதி வரும். சிறு தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நெருக்கமாக இருக்கும் பகுதி அது. அதன் வடக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்தான் கான்ட்டூ. மக்கள்தொகை ஏறக்குறைய 40,000. மரச்சாமான் செய்வது ஊரின் முக்கியத் தொழில். சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிக் கையால் பின்னும் லேஸுக்கும் இந்த ஊர் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியும் என்றால் பெரும்பாலும் நாற்காலி, மேசை, லேஸ், கூடைப்பந்து இவற்றில் ஒன்றால்தான்.

கிளப் எப்போது தொடங்கியது?

1936-இல். முதல் இருபது முப்பது வருடங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சிறு லீக்குகளில் ஆடி மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். உண்மையான கதை 1960-களின் நடுவில் ஆரம்பிக்கிறது.

பழைய முடிவுகளைத் தேடினால் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு பெயர் வருகிறதே, எல்லாம் ஒரே அணிதானா?

ஒரே அணிதான். இத்தாலியக் கூடைப்பந்தில் ஸ்பான்சரின் பெயரையே அணியின் முன்பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். ஒப்பந்தம் மாறினால் பெயரும் மாறும். 1968-இல் லீக்கை வென்றபோது ஓரன்சோடா கான்ட்டூ, அது ஆரஞ்சு சோடா பானம். 1975-இல் ஃபோர்ஸ்ட் கான்ட்டூ, அது பீர். அப்புறம் வீடு, மனை விற்கும் கபெத்தி நிறுவனம். 1981, 1982-இல் மருந்து நிறுவனமான ஸ்குவிப், 1983-இல் கார் நிறுவனமான ஃபோர்டு. பின்னால் ஷாம்பு, சூப்பர் மார்க்கெட், மினரல் வாட்டர் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கிறது.

பழைய ஆட்டங்களைத் தேடுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஃபோர்டு – பில்லி, 1983" என்று எங்காவது எழுதியிருந்தால் அது கான்ட்டூவுக்கும் மிலானுக்கும் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டம். கடைசியில் வரும் ஊர்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் லீக் பட்டம் எப்படி வந்தது?

1967-68 சீசனில். அந்தக் காலத்தில் இத்தாலிய லீக் என்றால் சிம்மென்டால் மிலானும் இக்னிஸ் வரேசேயும்தான். இரண்டும் பணமும் பெயரும் உள்ள கிளப்புகள். அந்த இரண்டையும் தாண்டி ஒரு தச்சர்கள் ஊர் பட்டம் வாங்கியதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பயிற்சியாளர் பெல்கிரேடிலிருந்து வந்த போரிஸ் ஸ்டான்கோவிச். யூகோஸ்லாவியப் பள்ளியின் ஒழுங்கை அவர் இங்கே கொண்டுவந்தார். கூடைக்கு அடியில் மெர்லாத்தி, டி சிமோனே, அமெரிக்கரான பாப் பர்ஜெஸ் என்று மூன்று நெட்டையர்களை ஒன்றாக நிறுத்தினார். அந்த மூவரைச் சுவர் என்றே இத்தாலியில் அழைத்தார்கள். வெளியிலிருந்து எறிய இளைஞர் கார்லோ ரெகல்காத்தி இருந்தார். எதிரணி உள்ளே வர முடியாது, இவர்கள் பந்தை எடுத்தால் ரெகல்காத்தி தூரத்திலிருந்து போடுவார். திட்டம் எளிமையானது, ஆனால் சீசன் முழுக்க அதைத் தவறாமல் செய்தார்கள்.

இந்த ஸ்டான்கோவிச் தான் பின்னால் உலகக் கூடைப்பந்துத் தலைவரா?

அவரேதான். படிப்பால் கால்நடை மருத்துவர். பெல்கிரேடில் இறைச்சிப் பரிசோதகராக வேலை பார்த்தவர். 1950-இல் அர்ஜென்டினாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் யூகோஸ்லாவியாவுக்கு ஆடியவர். கான்ட்டூவை விட்டுப் போன பிறகு, 1976 முதல் 2002 வரை சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் பொதுச்செயலாளராக இருந்தார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வீரர்களுக்கு ஒலிம்பிக் கதவைத் திறந்துவிட்ட 1989 மியூனிக் வாக்கெடுப்பு அவர் பல வருடம் விடாமல் வாதாடியதன் பலன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் ஒரே அணியில் ஆடியதைப் பார்த்து ரசித்தவர்களுக்கு இந்த மனிதரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளராக அவர் இத்தாலியில் வென்ற லீக் பட்டம் கான்ட்டூவில்தான்.

1970-களில் வென்ற கோப்பைகள் எல்லாம் எந்த ரகம்? சாம்பியன்ஸ் கோப்பைக்குச் சமமா?

சமம் இல்லை. அப்போது ஐரோப்பாவில் மூன்று கோப்பைகள் இருந்தன. முதலாவது, ஒவ்வொரு நாட்டுச் சாம்பியனும் ஆடும் சாம்பியன்ஸ் கோப்பை. இன்றைய யூரோலீக்கின் மூதாதை இது. இரண்டாவது, கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை. மூன்றாவது கோராச் கோப்பை. 1969-இல் கார் விபத்தில் இறந்துபோன யூகோஸ்லாவிய வீரர் ராடிவோய் கோராச்சின் நினைவாக 1972-இல் தொடங்கியது.

கான்ட்டூ மூன்றாவது படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. 1973, 1974, 1975 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகக் கோராச் கோப்பை. 1975-இல் இரண்டாவது லீக் பட்டம், அதே வருடம் கண்டங்களுக்கு இடையிலான கோப்பை. பிறகு 1977, 1978, 1979 என்று மறுபடியும் தொடர்ச்சியாக மூன்று தடவை, இந்த முறை கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை. 1977 இறுதி ஆட்டத்தில் பெல்கிரேடின் ராட்னிச்கியை 87–86 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். 1978-இல் பொலோனியாவை 84–82. 1981-இல் பார்சிலோனாவை வென்று நான்காவது.

அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதிக்குப் பயிற்சியாளர் அர்னால்டோ தௌரிசானோ. இளம் வீரர்களை வளர்ப்பதில் அவருக்கு இருந்த பொறுமையை இத்தாலியில் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். இந்தக் கிளப்பின் வெற்றிகளில் அவர் பங்கு வெளியே போதுமான அளவு தெரியவில்லை என்பது என் எண்ணம். 1982, 1983 கோப்பைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த அணியின் முதுகெலும்பு அவர் கையில் உருவானது.

மார்சொராத்தி யார்? ரசிகர்கள் ஏன் அவரை "பொறியாளர்" என்கிறார்கள்?

பியர்லூயிஜி மார்சொராத்தி, பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். 1952-இல் கான்ட்டூவுக்குப் பக்கத்தில், சில கிலோமீட்டரில் இருக்கும் ஃபிஜினோ செரென்சாவில் பிறந்தார். 1969 முதல் 1991 வரை ஒரே கிளப், கான்ட்டூ. வேறு எந்த ஜெர்சியும் போடவில்லை, இத்தாலிய தேசிய அணியின் நீல ஜெர்சியைத் தவிர. அந்த நீல ஜெர்சியில் 278 ஆட்டங்கள், இத்தாலியில் அது சாதனை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 1983-இல் பிரான்சின் நாந்த் நகரத்தில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டம். நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியிருக்கிறார்.

உச்ச நிலையில் ஆடிக்கொண்டிருந்தபோதே மிலான் பாலிடெக்னிக்கில் சிவில் எஞ்சினியரிங் படித்துப் பட்டம் வாங்கினார். அதனால்தான் "பறக்கும் பொறியாளர்" என்ற பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு அவர் ஓடும் வேகம் அப்படி. பழைய காணொளிகளைப் பாருங்கள், எதிரணி தற்காப்புக்குத் திரும்பி நிற்பதற்குள் பந்து கூடைக்குப் பக்கத்தில் போயிருக்கும்.

54 வயதில் லீக் ஆட்டம் ஆடினாராமே, உண்மையா?

உண்மை. 2006-இல் கிளப்புக்கு 70 வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, பெனெட்டன் ட்ரெவீசோவுக்கு எதிரான முதல் டிவிஷன் ஆட்டத்தில் மார்சொராத்தியை அதிகாரபூர்வ வீரராகப் பதிவுசெய்து தொடக்க ஐவரில் இறக்கினார்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஆடிவிட்டு வெளியே வந்தார். அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று ஐந்து பத்தாண்டுகளில் ஆடிய வீரர் என்ற பெயர் அதனால் வந்தது. விளம்பரத்துக்காகச் செய்தது என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்திரண்டு சீசன் ஒரே ஊருக்காக ஆடிய ஒருவருக்கு அந்த ஊர் தன் மைதானத்தில் செய்த மரியாதை அது.

1982 இறுதி ஆட்டம்?

1981-இல் பொலோனியாவை மூன்று ஆட்டத் தொடரில் 2–1 என்று வென்று மூன்றாவது லீக் பட்டம். அதனால் சாம்பியன்ஸ் கோப்பையில் இடம். பயிற்சியாளர் வலேரியோ பியான்கினி. மார்சொராத்தி, இளைஞர் அன்டொனெல்லோ ரீவா, அனுபவஸ்தர் ரென்சோ பரிவியேரா, அமெரிக்கர்கள் புரூஸ் ஃபிளவர்ஸ், சார்லஸ் கூபெக். 1982 மார்ச் மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடப்புச் சாம்பியன் மக்காபி டெல் அவிவை 86–80 என்று வென்றார்கள்.

பியான்கினி அந்தக் கோடையிலேயே ரோமுக்குப் போய்விட்டார். அங்கே 1983-இல் லீக், 1984-இல் ஐரோப்பியக் கோப்பை என்று வாங்கிக் குவித்தார். ஃபிளவர்ஸ் என்பிஏவுக்குப் போனார். கான்ட்டூ கதை இத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

1983 கிரெனோபிள் ஆட்டத்தை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நடப்பு ஐரோப்பியச் சாம்பியன் என்ற வகையில் கான்ட்டூ அந்த வருடம் மறுபடியும் உள்ளே. 1982-இல் இத்தாலிய லீக்கை வென்ற மிலானும் உள்ளே. அன்றைய முறைப்படி கடைசி ஆறு அணிகள் ஒன்றோடொன்று இரண்டு தடவை ஆடும், முதல் இரண்டு இடம் பெறுபவை இறுதிக்குப் போகும். அந்த ஆறு பேர்: கான்ட்டூ, மிலான், ரியல் மாட்ரிட், சிஎஸ்கேஏ மாஸ்கோ, மக்காபி, ஜாக்ரெப்பின் சிபோனா. இதில் மாட்ரிடும் மாஸ்கோவும் வெளியே போக, கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள் பிரான்சின் கிரெனோபிளுக்குப் போய் ஐரோப்பியக் கோப்பைக்காக மோதின.

மிலான் பக்கம் யார் யார் என்று பாருங்கள். பயிற்சியாளர் டான் பீட்டர்சன். பாயிண்ட் கார்டு மைக் டாந்தோனி, பின்னால் என்பிஏவில் ஃபீனிக்ஸ் சன்ஸின் வேகமான ஆட்டத்தால் புகழ் பெற்றவர். நடுவில் டினோ மெனெகின், கூடைக்கு அடியில் ஆடும் சென்டர்களில் இத்தாலி கண்ட மிகப் பெரியவர். கான்ட்டூவுக்குப் புதுப் பயிற்சியாளர் ஜான்கார்லோ பிரீமோ, முன்பு இத்தாலிய தேசிய அணியை நடத்தியவர். ஃபிளவர்ஸ், கூபெக் இடத்தில் வாலஸ் பிரையன்ட், ஜிம் புரூவர்.

புரூவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்தவர். சோவியத் யூனியனிடம் சர்ச்சைக்குரிய முறையில் தோற்று, வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்த அணி அது. அந்த ஒலிம்பிக்கின் அரையிறுதியில் அமெரிக்கா 68–38 என்று தோற்கடித்தது இத்தாலியை. அந்த இத்தாலிய அணியில் இருபது வயது ஆகாத மார்சொராத்தி இருந்தார். பதினோரு வருடம் கழித்து இருவரும் ஒரே ஜெர்சியில். புரூவர் அதற்கு முந்தைய வருடம்தான் லேக்கர்ஸோடு என்பிஏ பட்டம் வாங்கிவிட்டு வந்திருந்தார்.

ஆட்டத்துக்கு வருவோம். மூன்று புள்ளிக் கோடு ஃபீபா விதிகளில் இன்னும் வரவில்லை, 1984-இல்தான் வந்தது. அதனால் ஒவ்வொரு கூடையும் இரண்டுதான், பின்தங்கிய அணி திரும்பி வருவது இன்றைவிடக் கஷ்டம். கான்ட்டூ நன்றாக முன்னால் போனது. மிலான் தளரவில்லை. நெருக்கித் தற்காத்து, பந்தைப் பறித்து, வித்தியாசத்தை ஒவ்வொரு கூடையாகக் குறைத்துக் கடைசியில் ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தியது. இறுதி வினாடிகளில் பந்தும் மிலான் கையில். எறிந்தார்கள், விழவில்லை. 69–68. கோப்பை மறுபடி கான்ட்டூவுக்கு.

மிலான் ரசிகர்கள் அந்தக் கடைசி வினாடிகளைப் பற்றி இன்றும் வாக்குவாதம் செய்வார்கள். கான்ட்டூவில் அதைப் பற்றி வாக்குவாதமே கிடையாது! சில வாரங்களில் மார்சொராத்தி, ரீவா, மெனெகின் மூவரும் இத்தாலிக்காக ஒன்றாக ஆடி நாந்தில் தங்கம் வென்றார்கள். மிலான் அந்தக் கோப்பைக்காக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரீவா எப்படிப்பட்ட வீரர்?

எறிவதற்கென்றே பிறந்தவர். 1962-இல் பிரியான்சாவில் பிறந்து, கான்ட்டூவின் இளையோர் பிரிவில் வளர்ந்து, பதின்பருவத்திலேயே முதல் அணிக்கு வந்தார். கட்டுமஸ்தான உடம்பு, துள்ளிக் குதித்து எறிவார், தடுப்பவர் மேலே விழுந்தாலும் கை ஆடாது. இத்தாலிய முதல் டிவிஷனில் 14,000-க்கும் அதிகமான புள்ளிகள், எல்லாக் காலத்துக்குமான முதலிடம். பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட்டே அவருக்குப் பின்னால்தான். தேசிய அணியிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. 1989-இல் மிலானுக்குப் போனார். ஊரில் பலருக்கு அது நெஞ்சில் குத்திய செய்தி. ஆனால் அந்த விற்பனையில் வந்த பணம் கிளப்புக்குத் தேவையாக இருந்தது.

மொத்தம் எத்தனை கோப்பைகள்?

இத்தாலிய லீக் 3 (1968, 1975, 1981). ஐரோப்பியச் சாம்பியன்ஸ் கோப்பை 2. கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை 4. கோராச் கோப்பை 4, கடைசியாக 1991-இல் ரியல் மாட்ரிடை வென்று. கண்டங்களுக்கு இடையிலான கோப்பை 2 (1975, 1982). இத்தாலிய சூப்பர் கோப்பை 2 (2003, 2012). சொந்த நாட்டு லீக்கில் மூன்றே பட்டம் வென்ற கிளப் ஐரோப்பாவில் பத்துக் கோப்பை வாங்கியிருக்கிறது.

40,000 பேர் உள்ள ஊரால் இது எப்படி முடிந்தது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். "ஊர்ப்பற்று" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். ஊர்ப்பற்று உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. பற்றுள்ள ஊர்கள் இத்தாலியில் நூறு இருக்கின்றன.

என் பார்வையில் பெரிய காரணம் அன்றைய விதி. இத்தாலியில் ஒரு பையனைப் பதிவுசெய்து வளர்த்த கிளப்பிடம்தான் அவனுடைய பதிவு இருக்கும். கிளப் ஒத்துக்கொள்ளாமல் அவன் வேறு இடத்துக்குப் போக முடியாது. வீரர்களின் கோணத்தில் இது நியாயம் இல்லாத விதி, பின்னால் அதை மாற்றியதும் சரிதான். ஆனால் சின்ன கிளப்புக்கு அது பெரிய கவசம். மார்சொராத்தியையும் ரீவாவையும் பதினைந்து வயதில் கண்டுபிடித்து வளர்த்தால், மிலான் எவ்வளவு பணத்தோடு வந்தாலும் "கொடுக்க மாட்டோம்" என்று சொல்லலாம். வெளிநாட்டு வீரர்களும் இரண்டு பேர்தான். அந்த இருவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரிய கிளப்போடு நேருக்கு நேர் நிற்கலாம்.

இரண்டாவது, நிர்வாகம். அல்டோ அல்லியேவி என்ற தலைவர் இருபது வருடத்துக்கும் மேலாகக் கிளப்பைக் கட்டிக் காத்தார். தலைவர் அடிக்கடி மாறாததால் பயிற்சியாளர்களுக்கு அவகாசம் கிடைத்தது. இளையோர் பிரிவில் போட்ட காசு பத்து வருடம் கழித்துத்தான் பலன் தரும், அதுவரை காத்திருக்க ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, சுற்றுவட்டாரம். பக்கத்தில் வரேசே, அந்தப் பக்கம் மிலான். வரேசே மட்டும் 1970-க்கும் 1976-க்கும் இடையில் ஐந்து தடவை ஐரோப்பியச் சாம்பியன். வாரா வாரம் இப்படிப்பட்டவர்களோடு ஆடித் தேறிய அணிக்கு ஐரோப்பாவில் யாரைப் பார்த்தும் பயம் வராது.

வெளியிலிருந்து வந்து ஊர்க்காரராகவே ஆனவர்கள் யாராவது?

பாப் லீன்ஹார்ட். நியூயார்க்கில் பிறந்து, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடி, 1970-களின் தொடக்கத்தில் கான்ட்டூவுக்கு வந்த சென்டர். தொடர்ந்து வென்ற கோராச் கோப்பைகளிலும் 1975 லீக் பட்டத்திலும் அவர் பங்கு பெரியது. ஆட்டத்தை விட்ட பிறகும் இத்தாலியிலேயே வாழ்ந்தார்.

ரெகல்காத்தியையும் சொல்ல வேண்டும். மிலானில் பிறந்தவர், 1979 வரை கான்ட்டூவுக்கு ஆடினார், 1980-களில் இங்கேயே பயிற்சியாளர். பிறகு வரேசே, ஃபோர்ட்டிடூடோ பொலோனியா, சியெனா மூன்றையும் லீக் சாம்பியன் ஆக்கினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இத்தாலியை வெள்ளிப் பதக்கம் வரை கொண்டுபோன பயிற்சியாளரும் அவரே.

அப்புறம் ஏன் சரிந்தது?

மேலே சொன்ன கவசம் போனதுதான் காரணம். வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றானது. 1995 டிசம்பரில் போஸ்மன் என்ற கால்பந்து வீரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லையும் இல்லை. வளர்க்கும் கிளப் ஒன்று, அனுபவிக்கும் கிளப் இன்னொன்று. கான்ட்டூ 1990-களின் நடுவில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 1996-இல் திரும்பி வந்தது. அதோடு காணாமல் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

இடையில் நல்ல காலமே இல்லையா?

இருந்தது. ஆந்த்ரேயா ட்ரின்கியேரி பயிற்சியாளராக இருந்தபோது 2011-இல் லீக் இறுதிவரை போய், அன்று எல்லோரையும் வென்றுகொண்டிருந்த சியெனாவிடம் தோற்றார்கள். அடுத்த சீசனில் யூரோலீக்கில் ஆடிக் கடைசி 16 வரை போனார்கள். உருகுவேயின் மட்ஸரீனோ, செர்பியாவின் மீச்சோவ், ஜார்ஜியாவின் மார்கொய்ஷ்விலி, அமெரிக்கரான லூனன் என்று பல நாட்டுக்காரர்கள் கலந்த அணி. தனிப்பட்ட பெரிய நட்சத்திரம் இல்லாமல், பந்தைப் பகிர்ந்து அழகாக ஆடியது. புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அணியின் ஆட்டங்களையும் சிபாரிசு செய்வேன்.

மெட்டா வேர்ல்ட் பீஸ் இங்கே ஆடினாரா?

ஆடினார். 2010-இல் லேக்கர்ஸோடு என்பிஏ பட்டம் வென்றவர், பழைய பெயர் ரான் ஆர்டெஸ்ட். சீனாவில் ஆடிவிட்டு 2015 மார்ச்சில் கான்ட்டூவுக்கு வந்து, சீசனின் மிச்ச ஆட்டங்களை ஆடினார். அப்போது 35 வயது.

உள்ளூர் அணி வேறு ஊரில் ஏன் ஆடியது?

பல வருடம் சொந்த அரங்கம் என்றால் அது பக்கத்து ஊரான குச்சியாகோவில் இருந்த பியனெல்லா அரங்கம். 4,000 பேருக்கும் குறைவாகத்தான் கொள்ளும். பார்வையாளர்கள் கோட்டுக்கு வெகு அருகில் உட்காருவார்கள், சத்தம் கூரையில் மோதித் திரும்பும். வந்து ஆடிய அணிகள் அந்த இடத்தை வெறுத்தன. 1990 வாக்கில் கான்ட்டூவிலேயே பெரிய அரங்கம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். அது முடியவே இல்லை. பாபேல் கோபுரத்தின் பெயரால் "பலபாபேலே" என்று ஊர் அதைக் கூப்பிட்டது. கான்கிரீட் எலும்புக்கூடாகப் பல வருடம் நின்று கடைசியில் இடிக்கப்பட்டது.

2016-இல் பியனெல்லாவும் மூடப்பட்டது. புதுப்பிக்கும் வேலை தொடங்கிப் பாதியில் நின்றது. அணி தெற்கே டேசியோ என்ற ஊரின் அரங்கத்துக்குப் போனது. சொந்த ஊர் ஆட்டத்துக்கே ரசிகர்கள் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நிலை.

ரஷ்ய உரிமையாளர் விவகாரம் என்ன?

2015-16-இல் திமித்ரி கெராசிமென்கோ என்ற ரஷ்ய எஃகுத் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். ரெட் அக்டோபர் என்ற அவருடைய ஆலையின் பெயர் ஜெர்சியில் வந்தது. முதலில் பெரிய திட்டங்கள், அப்புறம் பண நெருக்கடி. 2019 தொடக்கத்தில் கிளப் மூடிவிடும் என்ற நிலை வந்தது. ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளரும் போய்விட, துணைப் பயிற்சியாளராக இருந்த நிக்கோலா பிரியென்சா பொறுப்பெடுத்தார். கான்ட்டூவிலேயே பிறந்தவர். உள்ளூர்த் தொழில்முனைவோரும் ரசிகர்களும் சேர்ந்த அமைப்பு ஒன்று முன்வந்து கிளப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. லீக்கில் இடம் தப்பியது.

இப்போது எந்த டிவிஷனில் இருக்கிறார்கள்?

2021-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். அடுத்த நான்கு சீசன் இரண்டாம் டிவிஷனில். மேலே வர வேண்டிய தருணத்தில் இறுதி ஆட்டங்களில் தோற்றது பொறுக்க முடியாத வேதனை. 2022-இல் ஸ்கஃபாத்தி, 2024-இல் ட்ரியெஸ்தே. 2024-இல் பிரியென்சா தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 2025 ஜூனில் ரிமினியை வென்று கான்ட்டூ மறுபடி முதல் டிவிஷனுக்கு ஏறியது.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

1983 கிரெனோபிள் ஆட்டம். இணையத்தில் அதன் பதிவுகள் கிடைக்கின்றன. முதல் பாதியைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்காமல், மார்சொராத்தி பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ரீவா எங்கே ஓடுகிறார் என்று கவனியுங்கள். அதற்கடுத்து, நேரலையில் பார்க்க முடிந்தால் வரேசேவுக்கு எதிரான ஆட்டம் ஒன்று. லீக்கில் இரண்டு அணிகளும் எந்த இடத்தில் இருந்தாலும் அந்த ஆட்டத்தின் சூடு குறையாது.